ஆறு தந்தி, பன்னிரண்டு படி

சென்ற இதழில் ஒரு கிடார் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். இந்த வாரத் தபால் முழுக்கக் கிடாரும் குடியும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அறந்தாங்கி என்று ஒரு வட்டாரமே எழுதியிருக்கிறது. சீரியஸாகக் கேட்டவர்களுக்குச் சீரியஸாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் மன்னிக்கவும்.

கே: லேப்டாப் வாங்கக் கொடுத்த பணத்தில் மகன் எலக்ட்ரிக் கிடார் வாங்கி வந்து நிற்கிறான். என்ன செய்யலாம்?
— ஒரு தந்தை, மணமேல்குடி

ப: ஆவுடையார்கோயில் உங்களுக்குப் பக்கம்தானே? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை ஒருவர் அங்கே கோயில் திருப்பணியில் போட்டுவிட்டார். அரசன் கோபப்பட்டான், சுடுமணலில் நிறுத்தினான். கடைசியில் நமக்குத் திருவாசகம் மிச்சம். உங்கள் மகனிடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கே: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தொடங்கி பெரிய ராக் கிடாரிஸ்டுகள் எல்லாம் போதையில்தான் வாசித்தார்களாம். போதை இல்லாமல் ராக் வருமா சார்?
— கல்லூரி மாணவர், அறந்தாங்கி

ப: ஹெண்ட்ரிக்ஸிடம் கேட்க முடியாது தம்பி. 1970 செப்டம்பர் 18 அன்று, தூக்க மாத்திரை மிஞ்சிப்போய் லண்டனில் இறந்தார். வயது 27. பதில் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர் ஜான் ஃப்ருஷான்டே, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் கிடாரிஸ்ட். 1992-இல் ஜப்பானில் கச்சேரிச் சுற்றுக்கு நடுவிலேயே குழுவை விட்டுக் கிளம்பிப் போனார். அடுத்த சில வருஷங்கள் ஹெராயின். பற்கள் போயின, ஊசி குத்திக் குத்திக் கைகள் புண்ணாகித் தழும்பேறின, வீடு தீப்பிடித்துக் கிடார்களும் போயின. அந்த நிலையில் 1997-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். போதை மருந்து வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக வெளியிட்டது. தெளிந்த பிறகு அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றவரும் அவரேதான்.

1998-இல் சிகிச்சை. பழைய குழு திரும்ப அழைத்தது. விரலில் பழைய வேகம் இல்லை. அதனால் இரண்டு சுரம் போடும் இடத்தில் ஒன்றைப் போட்டு, மிச்சத்தை அமைதியாக விட்டார். அடுத்த ஆண்டு வந்த 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பத்தைக் கேளுங்கள். அந்தக் குறைந்த சுரங்களைத்தான் இன்று உலகம் முழுக்கப் பையன்கள் யூடியூப் பார்த்துப் பழகுகிறார்கள்.

கலைஞர்கள் போதையோடு வாசித்தது உண்மை. பசியோடும் வாசித்திருக்கிறார்கள், காய்ச்சலோடும் வாசித்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால்தான் வாசிப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

கே: விட்டு மீண்டவர் என்று நெஞ்சைத் தொட்டு ஒரு பெயர் சொல்லுங்கள். 'மன உறுதி இருந்தால் போதும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆவுடையார்கோயில்

ப: கிடாரிஸ்ட் எரிக் கிளாப்டன். ஒரே மூச்சில் விட்டவர் இல்லை என்பதால்தான் அவரைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெராயின் பிடித்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். நண்பர் பீட் டவுன்ஷெண்ட் இழுத்து வந்து 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் மேடையேற்றினார். கைதட்டல் பலம். பழக்கமும் அதே பலத்தோடு இருந்தது. அடுத்த ஆண்டு சிகிச்சை எடுத்து ஹெராயினை விட்டார், விட்ட கையோடு பாட்டிலைப் பிடித்தார். பீடியை நிறுத்தியாச்சு என்று சொல்லிக்கொண்டே பாக்குப் பொட்டலத்தைக் கிழிப்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1976-இல் பர்மிங்ஹாம் மேடையில் போதையில் நின்று குடியேறிகளைப் பற்றி அவர் பேசிய பேச்சு எவ்வளவு கேவலம் என்றால், அதற்கு எதிராகவே இங்கிலாந்தில் இனவெறிக்கெதிரான ராக் இயக்கம் ஒன்று கிளம்பியது.

1982-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஹேசல்டன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். தெளிந்து வந்தார். சில வருஷத்தில் மறுபடி குடித்தார். 1987-இல் அதே ஹேசல்டனுக்கு இரண்டாவது முறை போனார். முதல் முறையைவிட இரண்டாவது முறை அந்தக் கதவைத் தட்டுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு உங்கள் முகம் ஏற்கெனவே தெரியும். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

1991 மார்ச்சில் அவருடைய நாலு வயது மகன் நியூயார்க்கில் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். குடிப்பதற்கு இதைவிடப் பெரிய சாக்கு ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. கிளாப்டன் அந்தச் சாக்கைத் தொடவில்லை.

கிடார் பக்கத்துக்கு வருகிறேன், ஆசிரியையிடம் இதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பீர்கள். 1970-இல் நாஷ்வில் நகரக் கடை ஒன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார்களைச் சல்லிசாக அள்ளினார். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றைக் கழற்றி, ஒன்றின் கழுத்து, இன்னொன்றின் உடல் என்று நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிடாராக்கினார். பெயர் 'பிளாக்கி'. 1998-இல் கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி, அதை நடத்தக் கிடார்களை ஏலம் விட்டார். 1999-இல் 'பிரவுனி' என்ற கிடார் 4,97,500 டாலருக்குப் போனது. 2004-இல் பிளாக்கி 9,59,500 டாலர். உதிரிப் பாகங்களில் பூட்டிய கிடார், யாரோ முகம் தெரியாத குடிநோயாளிகளின் சிகிச்சைச் செலவாகிவிட்டது.

ஆனால் ஒன்று, குடியை விட்டதும் அவர் மகானாகிவிடவில்லை. கொரோனா சமயத்தில் தடுப்பூசியைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால் தெரியும், சொட்டுக் குடிக்காமலும் மனிதன் உளறலாம்.

கே: அவர்களெல்லாம் கோடீஸ்வரர்கள். கம்பெனியும் கிடையாது, சினிமாவும் கிடையாது, சொந்தக் காசில் பாட்டுப் போடும் என்னைப் போன்றவன் என்ன செய்வது? மேடை கிடைப்பதே பப்பில்தான்.
— சுயாதீன இசைக்காரர், அறந்தாங்கி (இப்போது சென்னை)

ப: நியாயமான கேள்வி. மீன் விற்பவன் மீன் வாசனையோடுதான் வீட்டுக்கு வருவான், பப்பில் வாசிப்பவனிடம் பாட்டிலைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜேசன் இஸ்பெல் என்று ஒருவர், அமெரிக்காவின் அலபாமாக்காரர். கிடாரும் வாசிப்பார், பாட்டும் எழுதுவார். 2007-இல் தான் இருந்த குழுவிலிருந்து வெளியேறினார். விஸ்கி முக்கியக் காரணம். 2012 பிப்ரவரியில் காதலியும் மேனேஜரும் நண்பர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டுபோய் நாஷ்வில்லில் சிகிச்சையில் சேர்த்தார்கள். மறு வருஷம் ஜூனில் 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பம், சொந்த லேபிளில். அதற்கடுத்த ஆல்பத்துக்கு கிராமி. பெரிய கம்பெனி எதுவும் தூக்கிவிடவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கிராமி இல்லை, 'பிடித்துக்கொண்டுபோய்' என்ற இடம். கம்பெனிக் கலைஞனுக்காவது கணக்குப் பார்க்க ஒரு மேனேஜர் இருப்பான். தனியாள் சரிந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். 'ஆளைக் காணோமே' என்று போன் போடக்கூடிய ஓர் ஆளை இப்போதே சொல்லி வையுங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைச் சுற்றிப் பையில் போட்டுக் கிளம்புங்கள், பணத்தை மறுநாள் ஜிபே பண்ணச் சொல்லுங்கள். பாதி விபத்து 'செட்டில்மென்ட் வரட்டும்' என்று பார் ஓரம் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது.

பப்தான் மேடை என்பதும் முழு உண்மை இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். கூட்டம் டீ குடித்துவிட்டுத்தான் ஆடியது.

கே: திருவிழாக் கச்சேரிக்குக் கிடார் வாசிக்கப் போகிறேன். காலையில் கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் போட்டால் நின்றுவிடுகிறது. அப்போ அது மருந்துதானே?
— மெல்லிசைக் குழுக் கலைஞர், ஜெகதாப்பட்டினம்

ப: 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் இருந்தார். குடிநோயாளி. ஜூன் 10 காலை ஆபரேஷன் இருந்தது, கை நடுங்கியது. நண்பர் பில் வில்சன், அவரே குடியிலிருந்து மீண்டு ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது, நடுக்கம் நிற்க ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் பாப் குடித்த கடைசி மது அந்த பீர்தான். அந்த நாளைத்தான் இருவரும் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த பீரை உங்களுக்கு முன்னுதாரணமாகச் சொல்லவில்லை அண்ணே. உங்கள் நடுக்கம் எந்த வகை என்று காட்டவே சொன்னேன். குடித்தால் நிற்கும் காலை நடுக்கம், உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்பதன் அடையாளம். இதில் எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, இங்கே ஜோக் இல்லை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி குழம்பி, இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். ஆகவே நிறுத்தும் முதல் வாரம் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மாத்திரையும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. கிடாரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், வார்டில் 'ஒரு பாட்டு' என்று கேட்டே கொன்றுவிடுவார்கள்.

கே: என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் சொட்டுத் தொடமாட்டார். மலையிறங்கி மாலை கழற்றிய அன்றைக்கே பழைய குருடி. இது என்ன கணக்கு?
— இல்லத்தரசி, கோட்டைப்பட்டினம்

ப: அந்த 48 நாளை நன்றாகப் பாருங்கள் சகோதரி. விடிகாலைக் குளியல். வெளியே தெரியும் ஓர் அடையாளம், கழுத்தில் மாலை. சேர்ந்து பாட, சாப்பிடக் கூடவே ஒரு கூட்டம். தவறாமல் திருத்தும் குருசாமி. ஊரே 'சாமி' என்று கூப்பிடும் மரியாதை. மாலையைக் கழற்றும்போது இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. மறுநாள் அவர் வெறும் பெயருள்ள ஆள், பழைய சேக்காளிகள், சாயந்திரம் ஆறு மணி.

குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதற்கும் இதுவே கணக்கு. கயிறு நல்ல ஆரம்பம்தான், ஆனால் அது பேசாது. அனானிமஸ் கூட்டங்களில் கிடைப்பது மாலை கழற்றிய பிறகும் கலையாத அந்தக் கூட்டம்தான். இந்தியாவில் 1957-இலிருந்து நடக்கிறது, தமிழிலேயே கூட்டங்கள் உண்டு, சந்தா கிடையாது, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். 'என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி' என்று எழுந்து நின்று சொல்பவரை எதிரே உட்கார்ந்து கேட்பவர்களும் அதே ஜாதி. சபரிமலையில் 18 படி, இவர்களுடைய மீட்பு முறையில் 12. எண்ணிக்கையில் குறைவு என்று ஏமாறாதீர்கள், இதில் மேலே போய் இறங்கிவிட முடியாது.

கே: குடிப்பவருக்கே தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் பவுடர் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், மணமேல்குடி

ப: வேண்டவே வேண்டாம் அம்மா. அப்படிப்பட்ட பவுடர்களில் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரிந்தால் ஆச்சரியம். டைசல்ஃபிராம் என்று உண்மையான மாத்திரை ஒன்று உண்டு. 1940-களில் டென்மார்க்கில் அதன் குணம் தெரியவந்தது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே டாக்டர் கொடுப்பார். சொல்லாமல் கலந்தால், அவர் வழக்கம்போலக் குடிப்பார், வழியில் விழுவார். விழுந்தது எதனால் என்று ஆஸ்பத்திரியிலும் தெரியாது.

பையனைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைக்கிறோம் என்று வரும் இடங்களிடமும் ஜாக்கிரதை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி இத்தகைய மையம் நடத்தப் பதிவு வேண்டும். 'பதிவுச் சான்றைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். முகம் மாறினால் நீங்களும் திசையை மாற்றுங்கள். முதலில் 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் பேசலாம், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்.

கே: வெளிநாட்டுக் கதையே சொல்கிறீர்கள். நம்ம பக்கம் இதற்கென்று யாருமே பாடுபடவில்லையா?
— பஞ்சாயத்து ஊழியர், மணமேல்குடி

ப: கிளாப்டன் போன ஹேசல்டனுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணும் போனார், பயிற்சிக்காக. சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதன் பெரிய தொழில் குடும்பத்துப் பிள்ளை; 1979-இல் குடியால் இறந்தார், இளம் வயது. பணத்துக்குக் குறைவில்லாத வீடு, ஆனால் குடியை நோயாக எடுத்துச் சிகிச்சை தர அப்போது இங்கே தனியாக ஒரு இடம் இல்லை. அடுத்த வருஷமே, 1980-இல், கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது அதுதான். 1992-இல் பத்மஸ்ரீ.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம், குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பிவிடுவதில்லை, குடும்பத்தையும் உட்கார வைக்கிறார்கள். மனைவிக்கு எதற்கு சிகிச்சை, அவள் என்ன குடித்தாளா என்று கேட்பார்கள் நம் மாமனார்கள். இருபது வருஷம் அவர் எத்தனை மணிக்கு, எந்த நடையில் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும் தூக்கம் திரும்பி வர வேண்டாமா?

கே: சந்திரபாபு?
— சினிமா ரசிகர், அறந்தாங்கி

ப: தூத்துக்குடிக் கடற்கரைப் பையன், கொழும்பில் வளர்ந்தவர், மேற்கத்திய 'யோடலிங்' குரலைத் தமிழ் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர். சொந்தமாகத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' படம் நின்றுபோய்ப் பணம் போனது, பாட்டில் வந்தது. 1974-இல் ஐம்பதைத் தொடாமலே போய்விட்டார். நண்பர்களுக்குக் குறைவில்லை. மேலே சொன்ன இந்திரா நகர்க் கட்டடம் அப்போது இல்லை.

கே: கிடார் எப்படி சார் நம்ம வாத்தியம் ஆகும்?
— கணக்கர், ஆவுடையார்கோயில்

ப: கஞ்சிரா எப்படி ஆனதோ அப்படி. உங்கள் மாவட்டத்து மாமுண்டியா பிள்ளைதான் உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சின்ன வட்டத்தைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார். சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். வாத்தியம் நம்முடையதா என்பதை வாசிப்பவன் தீர்மானிப்பான்.

இன்னொன்று, மணமேல்குடிக் கரையில் நின்றால் எதிரே யாழ்ப்பாணம். அறுபது எழுபதுகளில் அங்கே கிடாரைத் தூக்கிக்கொண்டு தமிழ்ப் பொப் பாடியவர் உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம். விவசாயம் படித்தவர், பின்னாளில் ஆஸ்திரேலியா போனார். அவருடைய பிரபலமான பாட்டு எதைப் பற்றித் தெரியுமா? கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று. தமிழ்க் கிடார் பாட்டிலேயே மதுவிலக்குப் பிரசாரம். அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே குடித்த பெரியவர்களும் உண்டு என்பது வேறு.

கே: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சும்மா இருந்து குடி ஏறிவிடுகிறது. இந்த வருஷம் கிடார் கற்கலாம் என்று இருக்கிறேன். தந்தி அறுந்தால் நம்ம தூண்டில் தங்கூசி கட்டலாமா?
— விசைப்படகுத் தொழிலாளி, கோட்டைப்பட்டினம்

ப: கேள்வியில் ஒரு சரித்திரமே இருக்கிறது. முன்பு கிடாருக்கு ஆட்டுக் குடல் நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் அதெல்லாம் காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிடார் தச்சர் நைலானில் தந்தி செய்து பார்த்தார். மாபெரும் ஸ்பானியக் கலைஞர் செகோவியா அதை மாட்டி வாசித்தார். உலகமே மாறியது. ஆக, நைலான் கிடாரின் மேல்சுரத் தந்தி மூன்றும் உங்கள் தங்கூசிக்குச் சொந்தக்காரன்தான். 0.7 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை கனம் பார்த்துக் கட்டினால் அவசரத்துக்கு ஓடும். கீழ்ச்சுரத் தந்தி மூன்றும் மெல்லிய கம்பி சுற்றியவை, அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். எலக்ட்ரிக் கிடாரில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அதன் பிக்கப்பில் இருக்கும் காந்தத்துக்கு இரும்புத் தந்தி அசைந்தால்தான் தெரியும், தங்கூசியை எவ்வளவு மீட்டினாலும் ஸ்பீக்கர் வாயே திறக்காது.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை தாராளமான நேரம். மற்றவர்களுக்கு விரல் நுனி காய்த்துப்போகவே மூன்று நாலு வாரம் ஆகும், வலையும் கயிறும் இழுத்த உங்கள் கைக்கு அந்தத் தொல்லை பாதிதான். முதல் வாரம் ஜி, சி, டி. எஃப் கார்டு வரும்போது கிடாரை உடைக்கத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் எஃகுத் தந்தி சீக்கிரமே சிவந்துவிடும். குடிக்குப் பதிலாகக் கிடாரா என்றால், கிடார் மட்டும் போதாது. சாயந்திரம் ஆறு மணிக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்கு உதவும். அந்த ஆறு மணிதான் பெரிய விஷயம்.

கே: டாஸ்மாக்கை இழுத்து மூடினால் எல்லாம் சரியாகிவிடாதா?
— பெயர் வேண்டாம், ஜெகதாப்பட்டினம்

ப: 1983-இல் மொத்த வியாபாரத்துக்குப் பிறந்தது, 2003-இலிருந்து சில்லறையும் அதனிடம். 2023 ஜூனில் 500 கடையை மூடினார்கள். பக்கத்துக் கடைக்கு வரிசை நீண்டது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. மூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடும் ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் சிகிச்சைப் படுக்கை எத்தனை திறக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: மகன் குடியை விட்டு மூன்று மாதம். சந்தோஷம். ஆனால் இப்போது ராத்திரி இரண்டு மணி வரை கிடார். வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. கண்டிக்கவும் பயமாக இருக்கிறது.
— பெற்றோர், மணமேல்குடி

ப: பயப்படாமல் கண்டியுங்கள். விட்டவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துவது அவருக்கே பிடிக்காது. மற்ற பிள்ளைகளைத் திட்டுவது போலவே திட்டுங்கள். தூக்கம் கெட்டால் சபலம் கூடும் என்று டாக்டர்களும் சொல்வதால் பதினோரு மணிக்குக் கடை மூட வேண்டும் என்று சட்டம் போடலாம். அதற்குள் வாசிக்க, எலக்ட்ரிக் கிடாரில் நேராகச் செருகும் ஹெட்போன் ஆம்ப் என்று கையடக்கமாக ஒன்று வருகிறது. அவர் காதில் மட்டும் இடி இடிக்கும், உங்களுக்கு 'டிக் டிக்' என்று தந்தி தட்டும் சத்தம் மட்டும். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் ஆன நாளுக்கே வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.